கடைமடைக்கும் நீர் பாய வேண்டும்

கோலா சிலாங்கூரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், தஞ்சோங் காராங், செகிஞ்சான் ஆகிய ஊர்களைக் கடந்து சுங்கை பெசாரை அடையலாம். இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 20,000 எக்டர் பரப்பில் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கான நீர் பெர்ணம் ஆற்றிலிருந்து வருகிறது. ஆற்றிலிருந்து திருப்பி விடப்படும் நீர், தெங்கி ஆற்றின் வழியாகப் பெரிய கால்வாயை அடைந்து, பின்னர்ச் சிறு வாய்க்கால்களில் பிரிந்து வயல்களைச் சென்று சேர்கிறது. பாசனத்தின் கடைசி எல்லையில் இருக்கும் வயற்பகுதியைத் தமிழ் உழவர்கள் 'கடைமடை' என்பர். பெரிய கால்வாயில் நீர் நிறைந்து ஓடுவதைக் கண்டு மட்டும் பாசனம் சிறப்பாக நடைபெறுகிறது என்று கூறிவிட முடியாது. கடைமடைக்கு நீர் சென்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் பெருகிவரும் இலக்கவியல் தொழில்நுட்பத்தையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும். எத்தனை கணினிகள் வாங்கப்பட்டன, எத்தனை செயலிகள் அறிமுகமாயின என்னும் கணக்கு கால்வாயில் ஓடும் நீரைப் போன்றது. நகரத்திலிருந்து வெகு தொலைவில், செம்பனைத் தோட்டத்தின் கடைசி வீட்டில் இருக்கும் மாணவர் அதனால் எதைக் கற்றுக்கொண்டார் என்பதுதான் உண்மையான அளவுகோல்.

கல்விக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் முயற்சி மலேசியாவுக்குப் புதிதன்று. 1972-ஆம் ஆண்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1997-இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டு, 1999 முதல் ஏறத்தாழ 90 பள்ளிகளில் சோதனை முறையில் நடத்தப்பட்டது. அதன் பிறகு வந்த '1பெஸ்தாரிநெட்' திட்டம், நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியையும் மெய்நிகர்க் கற்றல் தளத்தையும் வழங்கும் நோக்கம் கொண்டது. ஆனால், அக்கற்றல் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் மிகக் குறைவாகவே பயன்படுத்தினர் என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது.

இந்த வரலாறு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. கருவி பள்ளிக்கு வந்து சேர்வது வேறு. அது கற்றலுக்குப் பயன்படுவது வேறு. இணைய வேகம் போதாமல், பயிற்சி போதாமல், பாடவேளைக்குள் அதற்கென நேரமும் இல்லாமல் இருக்கும் ஆசிரியரிடம் ஒரு புதிய தளத்தைக் கொடுத்தால், அது அவருக்கு உதவியாக அமையாது. மேலும் ஒரு சுமையாகவே அமையும்.

கோவிட்-19 பெருந்தொற்று இந்த உண்மையை நாடறியச் செய்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை ஒரே நாளில் வீட்டுக்குள் புகுந்தது. அவ்வாண்டில் கல்வியமைச்சு, ஏறத்தாழ 670,000 பெற்றோரிடம் அவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு ஒன்றை மேற்கொண்டது. அப்பிள்ளைகளுள் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. கணினி, மடிக்கணினி, கைக்கணினி ஆகியவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும், அதை வைத்திருந்தோர் பத்து விழுக்காட்டை எட்டவில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைத் தோட்டப்புறக் குடும்பங்கள் நன்கறியும். வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி. படிக்கும் பிள்ளைகளோ மூவர். அந்தத் திறன்பேசியும் வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். அவர் மாலையில் வீடு திரும்பிய பிறகுதான் காலையில் ஆசிரியர் புலனக் குழுவில் அனுப்பிய பாடத்தைத் திறக்க முடியும். மூத்தவருக்கு எஸ்.பி.எம். தேர்வு என்றால் இளையவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். அலைவரிசை கிடைக்காத இடத்தில், திறன்பேசி இருந்தும் பயனில்லை. சபாவின் பித்தாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையவழித் தேர்வு எழுதுவதற்காக 2020-இல் மரத்தின்மீது ஏறி ஒரு நாள் முழுவதும் தங்கிய செய்தி நாடெங்கும் பரவியது. அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டியவர்கள் பலர். எனினும், ஒரு மாணவி தேர்வு எழுத மரமேற வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது என்று கேட்பதே அந்தப் பாராட்டைவிட முக்கியமானது.

இந்தக் குறை மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிகள் மூடப்பட்ட அக்காலத்தில், உலகெங்கும் குறைந்தது 463 மில்லியன் பிள்ளைகளுக்குத் தொலைநிலைக் கல்வி கிடைக்கவில்லை என்று யுனிசெஃப் நிறுவனம் 2020 ஆகஸ்டில் மதிப்பிட்டது. மலேசிய அரசாங்கம் இதனை உணர்ந்து சில நடவடிக்கைகளை எடுத்தது. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்கீழ், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் 'டிடிக் டிவி' என்னும் கல்வி அலைவரிசை தொடங்கியது. இணையம் எட்டாத வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கும் என்பதால், அந்த முயற்சி போற்றத்தக்கது. புதிய தொழில்நுட்பம் மட்டுமே சிறந்தது என்று எண்ணாமல், கடைசி வீட்டுக்கு எது சென்று சேருமோ அதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

பெருந்தொற்று நீங்கி வகுப்பறைகள் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டன. எனினும், தொழில்நுட்பம் வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை. கல்வியமைச்சின் 'டெலிமா' தளத்தில் மாணவர்கள் மின்னியல் பாடநூல்களை வாசிக்கலாம். கூகுள் வகுப்பறையில் ஒப்படைப்புகளைச் சமர்ப்பிக்கலாம். 2023-இல் இலக்கவியல் கல்விக் கொள்கையும் அறிமுகப்படுத்தப்பட்டது. எனவே, பள்ளிக்குத் தொழில்நுட்பம் வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிக்கும் காலம் கடந்துவிட்டது. அது யாருக்கு, எதற்காக, எந்த அளவில் வேண்டும் என்று சிந்திப்பதே இன்றைய தேவை.

யாருக்கு என்னும் கேள்விக்கு வடசிலாங்கூரின் சூழல் தெளிவான ஒரு விடையைத் தருகிறது. தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள தமிழ் மாணவர்கள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளில் சிதறிப் பயில்கின்றனர். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்குத் தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும். ஒரு பள்ளியில் ஆறு தமிழ் மாணவர்களும், பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்றொரு பள்ளியில் எட்டுப் பேரும், வேறொரு பள்ளியில் ஐந்து பேரும் இருப்பதாகக் கொள்வோம். மூன்று பள்ளிகளிலும் சேர்த்துப் பத்தொன்பது பேர் இருந்தும், எந்தப் பள்ளியிலும் அந்த எண்ணிக்கை நிறைவு பெறாது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க விரும்பும் மாணவர், ஆசிரியர் இல்லாத காரணத்தால் அந்த ஆசையைக் கைவிட நேரிடும்.

தொழில்நுட்பம் தன் ஆற்றலைக் காட்ட வேண்டிய இடம் இதுவே. மூன்று பள்ளி மாணவர்களையும் ஒரு தமிழாசிரியரோடு இணையத்தின்வழி ஒரே வகுப்பாக இணைக்க முடியும். வாரந்தோறும் இணையவழிப் பாடம் நடத்தலாம். மாதம் ஒரு முறை அனைவரும் ஒரே இடத்தில் கூடி நேரில் கலந்துரையாடலாம். நகரத்துப் பள்ளியில் ஏற்கெனவே நல்ல ஆசிரியரும் நூலகமும் துணைப்பாட வகுப்பும் உள்ளன. அங்குத் தொழில்நுட்பம் இருக்கும் வசதியோடு மேலும் ஒரு வசதியைச் சேர்க்கிறது. ஆசிரியரே இல்லாத பள்ளியிலோ, அது இல்லாத ஒரு பாடத்தையே உருவாக்கித் தருகிறது. ஒரே அளவு பணத்தைச் செலவிட வேண்டுமாயின், இரண்டாவது இடத்திற்கே முதலிடம் தர வேண்டும்.

அவ்வாறு இணைக்கப்படும் வகுப்புக்கும் வரம்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. மாணவரின் முகவாட்டத்தைக் கண்டு, 'ஏன் சோர்வாக இருக்கிறாய்?' என்று கேட்கும் ஆசிரியரைத் திரை முழுமையாக ஈடுசெய்யாது. எனவே, இணையவழி வகுப்பைக் காரணம் காட்டித் தமிழாசிரியர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது முறையாகாது. ஆசிரியர் சென்று சேர முடியாத இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்க்கும் வண்டியாகத் தொழில்நுட்பம் இருக்கட்டும். ஆசிரியரை இறக்கிவிட்டுத் தனியே ஓடும் வண்டியால் பயனில்லை.

அடுத்து, எந்த அளவில் வேண்டும் என்னும் கேள்வி எழுகிறது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியை ஆய்வுகளும் மெய்ப்பிக்கின்றன. 15 வயது மாணவர்களின் திறனை அளவிடும் பீசா ஆய்வு 2022-இல் நடத்தப்பட்டது. பள்ளியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை கற்றலுக்காக இலக்கவியல் கருவிகளைப் பயன்படுத்தியவர்கள், அவற்றை அறவே பயன்படுத்தாதவர்களைக் காட்டிலும் கணிதத்தில் கூடுதல் புள்ளிகள் பெற்றனர். அதே ஆய்வில், வகுப்பில் மற்றவர்கள் கருவிகளைப் பயன்படுத்துவதால் கவனம் சிதறியதாகக் கூறியவர்கள் குறைந்த புள்ளிகளையே பெற்றனர். கருவி ஒன்றுதான், பயன்படுத்தும் முறை மாறும்போது விளைவும் மாறிவிடுகிறது.

யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் இதே எச்சரிக்கையை விடுக்கிறது. கவனம் ஒருமுறை சிதறிவிட்டால், மாணவர் மீண்டும் பாடத்தில் மனம் ஒன்றுவதற்கு 20 நிமிடங்கள்வரை ஆகலாம் என்னும் ஆய்வு முடிவை அது எடுத்துக்காட்டுகிறது. ஒரு பாடவேளையில் இருமுறை திறன்பேசியைப் பார்த்தால், அந்தப் பாடவேளையே வீணாகிவிடும் அன்றோ! நெல்வயலுக்கும் நீர் எந்நேரமும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. நாற்று வேர்பிடிக்கும்போது நீர் கட்டும் உழவர், அறுவடைக்கு முன்பு நீரை வடித்துவிடுவார். திறன்பேசியை எப்போது எடுப்பது, எப்போது அணைத்து வைப்பது என்பதை அறிந்த மாணவரே அதன் பயனை முழுமையாகப் பெறுவார்.

செயற்கை நுண்ணறிவின் வரவு இந்தச் சிக்கலை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின்னர், கட்டுரையின் தலைப்பைத் தந்தால் சில நொடிகளில் முழுக் கட்டுரையும் கிடைத்துவிடுகிறது. இதனைச் சிலர் கற்றல் என்று கருதுகின்றனர். கட்டுரை எழுதுவதன் நோக்கம் தாளை நிரப்புவதன்று. சிந்தனையை ஒழுங்குபடுத்தப் பழகுவதாகும். பிறர் நமக்காக ஓடினால் நம் கால்கள் வலுப்பெறாததுபோல, இயந்திரம் எழுதித் தரும் கட்டுரையால் மாணவரின் சிந்தனை வலுப்பெறாது. தேர்வு அறையில் அவருடைய கையில் எழுதுகோல் மட்டுமே இருக்கும்.

அதற்காகச் செயற்கை நுண்ணறிவை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பதில்லை. மாணவர் முதலில் தாமே கட்டுரையை எழுதிவிட்டு, தம் வாதத்தில் எங்கே குறை உள்ளது என்று அதனிடம் கேட்கலாம். புரியாத கணிதப் படிநிலையை மீண்டும் விளக்கச் சொல்லலாம். ஆனால், அது தவறான தகவலையும் உறுதியான குரலில் கூறும் என்பதை மறந்துவிடக் கூடாது. அது கூறும் ஆண்டு, பெயர், எண் ஆகியவற்றைப் பாடநூலிலோ நூலகத்திலோ சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். சரிபார்க்கத் தெரிந்தவருக்குச் செயற்கை நுண்ணறிவு துணைவன். சரிபார்க்கத் தெரியாதவருக்கு அது தவறான வழிகாட்டியாகிவிடும்.

இறுதியாக, எதற்காக என்னும் கேள்விக்கு வருவோம். பிறர் உருவாக்கியவற்றைப் பார்த்து மகிழ்வது மட்டும்தான் தொழில்நுட்பத்தின் பயன் என்றால், தோட்டப்புற மாணவர் என்றும் நுகர்வோராகவே இருந்துவிடுவார். அவர் படைப்பாளராகவும் ஆக முடியும் என்பதற்குச் சிலாங்கூர் மண்ணிலேயே சான்று உண்டு. கேரித் தீவில் வளர்ந்த முத்து நெடுமாறன், 1980-களில் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழில் எழுதுவதை எளிதாக்கினார். அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005-இல் கைப்பேசியில் தமிழைக் கொண்டு வந்தது. இன்று உலகெங்கும் தமிழர்கள் திறன்பேசியில் தமிழில் எழுதுகிறார்கள் என்றால், அதில் மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பும் கலந்துள்ளது.

வடசிலாங்கூர் மாணவர்களுக்கும் ஒரு படைப்புப் பணி காத்திருக்கிறது. இவ்வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை இணையத்தில் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். இரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம், லயன் வீடுகளில் நடந்த வாழ்க்கை, தோட்டப் பள்ளியில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்திய விதம், மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் ஆகியவை தாத்தா பாட்டிகளின் நினைவில் மட்டுமே உள்ளன. எந்தச் செயற்கை நுண்ணறிவும் எழுதப்படாத ஒன்றைக் கற்றுத் தர இயலாது. மாணவர்கள் தம் திறன்பேசியில் அம்முதியவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். பழைய நிழற்படங்களைப் படியெடுக்கலாம். தெரிந்த செய்திகளை நூல்களோடு ஒப்பிட்டுத் தமிழில் எழுதலாம். ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகமே அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். இப்பணியில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு திறன்களும் ஒருங்கே வளரும். முதியவர்கள் மறைந்துவிட்டால் இந்த வாய்ப்பும் அவர்களோடு மறைந்துவிடும் என்பதால், இதனைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

இவை நிறைவேறப் பலரும் தத்தம் கடமையை ஆற்ற வேண்டும். தோட்டப்புறங்களுக்கும் கம்பங்களுக்கும் நிலையான இணைய வசதி செய்து தருவது அரசாங்கத்தின் பொறுப்பாகும். மாலையில் பிள்ளைகள் அமர்ந்து படிக்கத் தோட்ட மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஓர் இடத்தை ஒதுக்குவது ஊர்மக்களால் இயலும். கருவியை வழங்குவதோடு நிற்காமல், ஆசிரியருக்குப் பயிற்சியையும் நேரத்தையும் வழங்க வேண்டும். பெற்றோர் இரவில் திறன்பேசியை வாங்கி வைக்கும்போது, தம் திறன்பேசியையும் சற்று நேரம் கீழே வைத்தால் அந்தக் கட்டுப்பாடு பிள்ளைகளுக்கு எளிதாகும்.

பெரிய கால்வாயைத் தோண்டுவதற்கு அரசாங்கம் தேவை. வரப்பில் நின்று மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் உழவரே தேவை. கல்வியில் அந்த உழவரின் இடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் நிற்கின்றனர். ஆகவே, ஒவ்வொரு புதிய கருவியும் பள்ளிக்குள் நுழையும்போது, இது கடைசி வீட்டு மாணவருக்குச் சென்று சேருமா என்று அவர்கள் கேட்க வேண்டும். சேரும் என்றால் அதனை வரவேற்கலாம். சேராது என்றால், வாய்க்காலைச் சீர்செய்யும் வேலையை முதலில் தொடங்க வேண்டும்.